வார்ப்பு மணலிலிருந்து தண்டவாளம் வரை: மாதிரி நீராவி என்ஜின் செய்வோரின் கேள்விகள்

மாதிரி நீராவி ரயில் என்ஜின் செய்ய முனைந்திருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் பெரும்பாலானவை வார்ப்பையும் லேத் வேலையையும் பற்றியவையாக இருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். வேறு குறிப்பு இல்லாத இடங்களில், 5 அங்குலத் தண்டவாள அகலத்துக்கான, அதாவது 127 மி.மீ. இடைவெளியில் ஓடும் என்ஜினுக்கான அளவுகளையே மனத்தில் கொண்டு விடை தரப்பட்டிருக்கிறது.

கேள்வி: உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆசையில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவன் நான். என்ஜினின் எல்லா உறுப்புகளையும் வார்த்தே செய்துவிட முடியுமா? எவற்றை வார்ப்பது, எவற்றைக் கம்பியிலிருந்தும் தகட்டிலிருந்தும் எடுப்பது?

பதில்: உருவம் சிக்கலாகவும், அதைக் கட்டியாக எடுத்துக் குடைந்தால் பெரும்பகுதி சீவலாகப் போய்விடும் நிலையிலும் உள்ள உறுப்புகளுக்கே வார்ப்பு பொருந்தும். ஆரக்கால் உள்ள சக்கரங்கள், சிலிண்டர்கள், புகைபோக்கி, கொதிகலன் மேலிருக்கும் குவிமாடம், புகைப்பெட்டிக் கதவு ஆகியவை இந்த வகை.

கனெக்டிங் ராடு (பிஸ்டனின் இயக்கத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் தண்டு), கப்ளிங் ராடு (சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் தண்டு), கிராங்க் முள் (சக்கரத்தில் இந்த ராடுகள் மாட்டும் முளை), ஆக்சில் (சக்கர அச்சு), பிஸ்டன் ராடு ஆகியவற்றை ஒருபோதும் வார்க்காதீர்கள். சாம்பல்நிற வார்ப்பிரும்பில் கிராஃபைட் மெல்லிய செதில்களாகப் பரவிக் கிடக்கிறது. அழுத்தும் விசையைத் தாங்கும்போது அச்செதில்களால் பெரிய தீங்கு இல்லை, ஆனால் இழுவிசை வரும்போது ஒவ்வொரு செதிலும் ஏற்கெனவே இருக்கும் ஒரு விரிசலைப் போலவே நடந்துகொள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டும் அழுத்தப்பட்டும் உழைக்கும் ராடுகளுக்கு மென் எஃகுப் பட்டையே உரியது. சிலிண்டர் மூடிகளையும் பிஸ்டனையும் தொடர்வார்ப்பு முறையில் வரும் வார்ப்பிரும்புக் கம்பியிலிருந்து கடைந்துகொள்ளலாம். அந்தக் கம்பி நுண்துளையின்றி அடர்த்தியாக இருக்கும், கடைசலுக்கும் மிக இணக்கமானது. ஆக்சில் பாக்ஸுகளை (ஆக்சிலைத் தாங்கும் பெட்டிகளை) ஒவ்வொன்றாக வார்ப்பதைவிட, கன்மெட்டலில் (செம்பும் வெள்ளீயமும் கலந்த ஒருவகை வெண்கலத்தில்) நீளமான ஒரே கட்டையாக வார்த்து, பக்கங்களை மில்லிங் செய்த பிறகு துண்டுகளாக அறுத்துக்கொள்வது வேலையையும் குறைக்கும், அளவையும் ஒன்றுபோல் வைக்கும்.

கேள்வி: சிலிண்டரைக் கன்மெட்டலில் செய்வதா, வார்ப்பிரும்பில் செய்வதா என்று கேட்டால் அனுபவமுள்ளவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பதில்: இரு தரப்பிலும் நியாயம் இருப்பதால்தான் இந்த விவாதம் ஓயாமல் நடக்கிறது. வார்ப்பிரும்பில் உள்ள கிராஃபைட் உராயும் பரப்புக்குத் தானே மசகாகப் பயன்படுகிறது. பொதுவாக ஒரே உலோகம் ஒன்றோடொன்று உராய்ந்தால் பற்றிக்கொண்டு பிய்ந்துவிடும் என்றாலும், வார்ப்பிரும்புச் சிலிண்டரில் பிஸ்டனைச் சுற்றிய வார்ப்பிரும்பு வளையம் ஆண்டுக்கணக்கில் இணக்கமாக ஓடுவதற்கு இதுவே காரணம். நீராவியை மிகைச்சூடாக்கி அனுப்பும் என்ஜினில், எண்ணெய்ப்படலம் மெலியும் அந்த வெப்பத்தில், வார்ப்பிரும்பின் இந்தக் குணம் மிகவும் கைகொடுக்கும். அதன் பலவீனம் துருதான். ஓட்டி முடித்ததும் சிலிண்டரில் தங்கும் நீரை வெளியேற்றி, சூடு ஆறுவதற்குள் எண்ணெயைச் செலுத்திச் சக்கரங்களைச் சில சுற்று உருட்டி வைக்காவிட்டால், அடுத்த முறை எடுக்கும்போது வளையங்கள் துருவில் ஒட்டிக் கிடக்கும்.

கன்மெட்டலுக்கு அந்தத் தொல்லை இல்லை. மாதிரி என்ஜின் வேலைக்கு அதிகம் பயன்படும் கலவையில் 85 விழுக்காடு செம்பும், வெள்ளீயம், ஈயம், துத்தநாகம் ஆகியவை தலா 5 விழுக்காடும் உள்ளன. இது எளிதில் வார்க்க வரும், எளிதில் கடைய வரும், நீரில் அரிக்காது. ஆனால் இதில் வார்ப்பிரும்பு வளையம் போடுவது நல்ல இணை அல்ல. டெஃப்லான் வளையமோ கிராஃபைட் நூல் அடைப்போ வேண்டும். பிஸ்டன் ராடு துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

ஒரு கூட்டணியை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்: வார்ப்பிரும்புச் சிலிண்டருக்குள் நெருக்கமாகப் பொருந்தும் கன்மெட்டல் பிஸ்டன். ஒரு டிகிரி வெப்ப உயர்வுக்கு வார்ப்பிரும்பு பத்து லட்சத்தில் 11 பங்கும், கன்மெட்டல் ஏறக்குறைய 18 பங்கும் விரிகின்றன. விட்டம் 40 மி.மீ. என்றும் வெப்ப உயர்வு 140 டிகிரி என்றும் கொண்டால், பிஸ்டன் சிலிண்டரைவிடச் சுமார் 0.04 மி.மீ. அதிகமாக விரியும், குளிர்ந்த நிலையில் அழகாக வழுக்கிச் சென்ற பிஸ்டன் நீராவி ஏறியதும் இறுகி நின்றுவிடும்.

அடிக்கடி ஓட்டி முறையாகப் பராமரிக்கப்போகிறவர் வார்ப்பிரும்பையும், மாதக்கணக்கில் நிறுத்தி வைக்க நேரும் என்பவர் கன்மெட்டலையும் தேர்ந்தெடுக்கட்டும் என்பது என் தெளிவான கருத்து. எதை எடுத்தாலும், சிறிய சிலிண்டரில் நீராவியின் அளவோடு ஒப்பிட அதைச் சூழ்ந்த சுவரின் பரப்பு மிக அதிகம் என்பதை மறக்க வேண்டாம். 11 மடங்கு சிறிதாக்கிய சிலிண்டரில் அந்த விகிதம் 11 மடங்கு கூடிவிடுகிறது. நீராவி சுவரில் பட்டுக் குளிர்ந்து நீராவதே மாதிரி என்ஜினின் பெரிய இழப்பு என்பதால், சிலிண்டருக்கு வெளியே வெப்பக்காப்பு உறை போடுவது உலோகத் தேர்வுக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது.

கேள்வி: சக்கரத்துக்கும் சிலிண்டருக்கும் பேட்டர்னை (மணலில் பதித்து அச்சு எடுக்கும் மாதிரியை) முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுக்க நினைக்கிறேன். முடிவான அளவைவிட எவ்வளவு பெரிதாக வைக்க வேண்டும்?

பதில்: இரண்டு கூடுதல்களைத் தனித்தனியே கணக்கிட வேண்டும். முதலாவது சுருக்கம்: உறையும்போதும் ஆறும்போதும் வார்ப்பிரும்பு நீளத்தில் சுமார் 1 விழுக்காடும், அலுமினியம் சுமார் 1.3 விழுக்காடும், கன்மெட்டல் சுமார் 1.5 விழுக்காடும் சுருங்குகின்றன. 100 மி.மீ. நீளமுள்ள கன்மெட்டல் சிலிண்டர் வேண்டுமென்றால் பேட்டர்ன் 101.5 மி.மீ. இருக்க வேண்டும். மரப் பேட்டர்னிலிருந்து முதலில் அலுமினியப் பேட்டர்ன் ஒன்றை வார்த்து, அதைக் கொண்டு பல இரும்புச் சக்கரங்களை வார்ப்பதாக இருந்தால் இரு சுருக்கங்களும் சேர்ந்து ஏறத்தாழ 2.3 விழுக்காடு ஆகும். இதைக் கவனிக்காதவர்களின் சக்கரங்கள் கடைவதற்கு உலோகமே இல்லாமல் வந்து சேர்கின்றன.

இரண்டாவது, கடைசலுக்கான கூடுதல். கன்மெட்டலில் ஒரு முகத்துக்கு 2 மி.மீ. போதும், வார்ப்பிரும்பில் 3 மி.மீ. வையுங்கள், ஏனெனில் அதன் மேல்தோல் கடினமாகவும் மணல் பதிந்ததாகவும் இருக்கும், வெட்டுளியின் முனை முதல் ஓட்டத்திலேயே அந்தத் தோலுக்கு அடியில் இறங்க வேண்டும்.

மணலிலிருந்து பேட்டர்ன் மணலைக் கலைக்காமல் வெளியேறுவதற்காக, நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் 1 முதல் 3 டிகிரி வரை சரிவு கொடுக்க வேண்டும். ஆழமான உள்பக்கங்களுக்கு அதிகமாகக் கொடுங்கள். உள்மூலைகள் எல்லாவற்றையும் வளைவாக நிரப்புங்கள், கூரிய உள்மூலையில்தான் வார்ப்பு வெடிக்கும். முப்பரிமாண அச்சில் வந்த உருவத்தின் அடுக்குக் கோடுகள் ஒவ்வொன்றும் மணலைப் பிடித்து இழுக்கும் என்பதால், நிரப்பும் பிரைமர் அடித்து, உப்புத்தாளால் தேய்த்து, வழுவழுப்பாகும் வரை அதைத் திரும்பச் செய்யுங்கள். அச்சு இயந்திரம் எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் இந்தப் பொறுமையான வேலைக்கு மாற்று இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேட்டர்னை வரையும்போதே லேத்தில் இதை எங்கே பிடிக்கப்போகிறோம் என்று முடிவு செய்துவிடுங்கள். புகைபோக்கி, குவிமாடம் போன்றவற்றுக்கு, லேத்தின் சக்கில் (சுழலும் பிடியில்) பிடிப்பதற்கென்றே 20 அல்லது 25 மி.மீ. நீளத்தில் ஒரு உருளைத் துண்டைச் சேர்த்து வார்த்துக்கொண்டு, எல்லா வேலையும் முடிந்தபின் அறுத்துவிடலாம். வார்ப்புக்காரரும் கடைசல்காரரும் ஒரே ஆளாக இருப்பதில் கிடைக்கும் பெரிய நன்மை இதுதான், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் வார்க்கும் கன்மெட்டல் துண்டுகளை வெட்டும்போது உள்ளே சிறு சிறு ஓட்டைகள் தென்படுகின்றன. மணலில் குறையா, உலோகத்தில் குறையா?

பதில்: ஓட்டையின் உருவத்தைப் பாருங்கள். வழுவழுப்பான உட்சுவருடன் உருண்டையாக, மேற்புறத்தை ஒட்டி இருந்தால் மணலில் ஈரம் அதிகம், அல்லது காற்று வெளியேற வழி இல்லை. பச்சை மணலில் (சுடாமல் ஈரத்தோடு பயன்படுத்தும் வார்ப்பு மணலில்) பென்டோனைட் களிமண் 8 முதல் 10 விழுக்காடும் நீர் 3 முதல் 4 விழுக்காடும் இருந்தால் போதும்; ஒரு பிடி மணலை இறுக்கி இரண்டாக முறித்தால், முறிந்த விளிம்பு உதிராமல் நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது. மணலை இடித்த பிறகு மெல்லிய கம்பியால் பேட்டர்னுக்குச் சற்று மேலே வரை பல இடங்களில் குத்திக் காற்றுவழி விடுங்கள்.

ஓட்டை சொரசொரப்பாக, தடித்த பகுதியின் நடுவே இருந்தால் அது சுருக்கத்தால் வந்தது. மெல்லிய பகுதி முதலில் உறைந்து, கடைசியாக உறையும் தடித்த பகுதிக்கு உலோகம் ஊட்ட யாரும் இல்லாமல் போய்விட்டது என்று பொருள். அந்தத் தடித்த பகுதியின் மீது, அதைவிடப் பருமனான ரைசர் (உருகிய உலோகத்தைத் தேக்கி வைத்து ஊட்டும் கூடுதல் குழி) ஒன்றை வையுங்கள். ரைசர் வார்ப்பை விடப் பிந்தி உறைந்தால்தான் அதனால் பயன்.

உலோகம் முழுவதும் ஊசிமுனை அளவில் பரவிய துளைகள் என்றால், உருகிய செம்புக் கலவை ஹைட்ரஜனை உறிஞ்சியிருக்கிறது. மூசையையும் (உருக்கும் கலத்தையும்) உலோகத் துண்டுகளையும் நன்றாக உலர்த்தி, சற்றே காற்று மிகுந்த தீயில் விரைவாக உருக்கி, கசடை நீக்கி, சிறிதளவு பாஸ்பரஸ் கலந்த செம்பைச் சேர்த்துக் கிளறி, தாமதமின்றி ஊற்ற வேண்டும். உருகிய பின்னும் இன்னும் சூடாகட்டும் என்று உலையிலேயே வைத்திருப்பதுதான் இந்த வகைத் துளைகளுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது. ஊற்றும் வெப்பநிலை சுமார் 1150 டிகிரி செல்சியஸ் போதும்.

கேள்வி: வார்ப்பிரும்பையும் வீட்டிலேயே உருக்கலாமா?

பதில்: முடியும், ஆனால் முதல் என்ஜினுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கன்மெட்டல் ஏறக்குறைய 1000 டிகிரியில் உருகிவிடும். வார்ப்பிரும்போ 1150 டிகிரிக்கு மேல்தான் உருகும், மெல்லிய ஆரக்கால் வரை ஓட வேண்டுமானால் 1300 டிகிரிக்கும் மேலே கொண்டுபோக வேண்டும். உலைச் சுவர், மூசை, காற்றடிப்பான், காப்புடை எல்லாமே வேறு தரத்தில் தேவைப்படும். பேட்டர்னை நீங்களே செய்து, இரும்பை மட்டும் சிறு வேலை எடுக்கும் வார்ப்பகத்தில் ஊற்றி வாங்குங்கள்.

எந்த உலோகமானாலும் நீர் பெரும் பகை. நீர் ஆவியாகும்போது அதன் பருமன் 1600 மடங்குக்கு மேல் பெருகும். உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு துளி சிக்கினால் உலோகம் முகத்துக்கு எறியப்படும். ஆகவே கசடு எடுக்கும் கரண்டி, மிஞ்சியதை ஊற்றும் அச்சு எல்லாவற்றையும் முன்கூட்டியே சுட வையுங்கள். காங்கிரீட் தரையின் மேல் ஊற்றாதீர்கள், அதனுள் ஈரம் இருக்கும். உலர்ந்த மணல் பரப்பிய இடத்தில் ஊற்றுங்கள். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெண்புகையாக எழும், அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். ஈயமும் உடன் இருப்பதால் திறந்தவெளியிலோ நல்ல காற்றோட்டத்திலோ மட்டும் உருக்குங்கள். வார்ப்பு மணலின் நுண்தூசி நுரையீரலில் தங்கி ஆறாத நோயைத் தரும், எனவே அச்சை உடைக்கும்போது முகமூடி கட்டாயம்.

கேள்வி: வார்ப்பகத்திலிருந்து வந்த சக்கரங்களில் இரண்டு மட்டும் லேத்தில் வெட்டுளியைத் தின்கின்றன. விளிம்பின் ஒரு பகுதியில் உளி வழுக்கி, பளபளவென்று தேய்கிறது. இவற்றை எறிந்துவிடுவதா?

பதில்: எறிய வேண்டாம். உருகிய வார்ப்பிரும்பு மெதுவாக ஆறினால் கரிமம் கிராஃபைட்டாகப் பிரிந்து மென்மையான சாம்பல்நிற இரும்பாகிறது. விரைவாக ஆறினால் அதே கரிமம் இரும்போடு சேர்ந்து கண்ணாடி போல் கடினமான வெள்ளை இரும்பாகிவிடுகிறது. மாதிரிச் சக்கரத்தின் விளிம்பும் ஆரக்காலும் மெல்லியவை, ஈர மணலில் சட்டென்று ஆறிவிடுபவை. சூடாக இருக்கும்போதே அச்சை உடைத்துக் காற்றில் போட்டாலும் இதே கதிதான்.

அந்தச் சக்கரங்களைச் சுமார் 900 டிகிரி வரை, அதாவது ஆரஞ்சு கலந்த சிவப்பாகும் வரை சூடாக்கி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் அதே சூட்டில் வைத்து, உலையை அணைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். உலை இல்லாதவர்கள் கரி நெருப்பில் புதைத்து, சாம்பலால் மூடி, மறுநாள் எடுக்கலாம். கடினப்பட்ட பகுதியில் இருக்கும் கார்பைடு சிதைந்து கிராஃபைட்டாகிவிடும், உளியும் இயல்பாக வெட்டும். கடைசல் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பாதி கடைந்த சக்கரத்தைச் சூடாக்கினால் அது கோணும், மேலே ஆக்சைடு படியும்.

அடுத்த முறை வார்ப்பகத்தில் பேட்டர்னைக் கொடுக்கும்போது, கரிமம் கிராஃபைட்டாகப் பிரிய உதவும் ஃபெர்ரோசிலிக்கன் சேர்த்து ஊற்றும்படியும் அச்சிலேயே முழுவதும் ஆறவிடும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய எந்திர உறுப்புகளையே வார்த்துப் பழகியவர்களுக்கு 5 மி.மீ. ஆரக்காலின் இயல்பு தெரியாமல் இருக்கலாம். முன்பே சொல்லிவிட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு செய்து தருவார்கள்.

கேள்வி: ஆறு சக்கரங்களையும் ஒரே விட்டத்தில் கடைவதற்கு எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும்?

பதில்: வரிசை இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதலில் சக்கரத்தின் முன்முகம் சக்கின் பக்கம் இருக்கும்படி, விளிம்பைப் பிடித்து, ஆரக்கால்களும் விளிம்பின் உட்புறமும் ஆட்டமின்றிச் சுழலும்படி சரிசெய்யுங்கள். வெளிவிட்டம் கடைசலில் எப்படியும் உருண்டையாகிவிடும், ஆனால் கடையப்படாத உட்புறம் ஆடினால் என்ஜின் ஓடும்போது அது காலமெல்லாம் கண்ணில் படும். பின்முகத்தைச் சமன் செய்து, அதே பிடிப்பிலேயே ஆக்சில் துளையைப் போட்டுப் போரிங் செய்து ரீமரால் முடியுங்கள்; அப்போதுதான் துளையும் பின்முகமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமையும். ஆறு சக்கரங்களுக்கும் இதை முடித்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

பின்பு சக்கரத்தைத் திருப்பி, பின்முகம் ஃபேஸ்பிளேட்டில் (லேத்தின் தட்டையான சுழல்தட்டில்) படியும்படி வைத்து முன்முகத்தையும் நடுக்குமிழையும் கடையுங்கள். இறுதியாக, சக்கில் ஒரு இரும்புக் கட்டையைப் பிடித்து, ஆக்சில் துளைக்கு அசையாமல் பொருந்தும் குறுந்தண்டை அதிலேயே கடைந்து, முனையில் மரையிட்டு, கட்டையைச் சக்கிலிருந்து எடுக்காமலே ஒவ்வொரு சக்கரமாக அதில் மாட்டி, தண்டவாளத்தில் உருளும் முகத்தையும் ஃபிளாஞ்சையும் (தண்டவாளத்தின் உட்பக்கம் இறங்கும் விளிம்பையும்) முடியுங்கள். முதலில் ஆறையும் 0.3 மி.மீ. மிச்சம் வைத்துக் கடைந்துவிட்டு, உளியைத் தீட்டி, கடைசி ஓட்டத்துக்குக் குறுக்கு ஸ்லைடின் அளவுவளையத்தை ஒரே எண்ணில் நிறுத்தி, ஆறையும் அடுத்தடுத்து முடித்தால் விட்டம் தானாகவே ஒன்றாகும். இணைக்கப்பட்ட சக்கரங்கள் வெவ்வேறு விட்டத்தில் இருந்தால் ஏதாவது ஒன்று எப்போதும் சறுக்கிக்கொண்டே ஓடும்.

100 மி.மீ. விட்டத்துக்கு அதிவேக எஃகு உளியால் நிமிடத்துக்கு 20 மீட்டர் என்ற வெட்டுவேகம் சுமார் 64 சுற்றில் கிடைக்கும். மேல்தோலை எடுக்கும்போது அதையும் குறைத்து 40 அல்லது 50 சுற்றில் ஓட்டுங்கள், அல்லது கார்பைடு உளியைப் பயன்படுத்துங்கள். உருளும் முகத்துக்கு 2 முதல் 3 டிகிரி சரிவும், ஃபிளாஞ்ச் அதனோடு சேரும் இடத்தில் வளைவும் வேண்டும். வார்ப்பிரும்பை எண்ணெயோ நீரோ இன்றி உலர்வாகவே வெட்ட வேண்டும். அந்தக் கரிய தூள் லேத்தின் படுகையை அரிக்கும் என்பதால் முன்கூட்டியே தாளால் மூடி வைத்து, வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

கேள்வி: சிலிண்டர் துளையைப் போரிங் செய்வதில் எனக்குப் பயம் இருக்கிறது. என் லேத் பழையது, தலைப்பகுதி சரியான நேர்கோட்டில் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

பதில்: பழைய லேத் வைத்திருப்பவருக்கும் துல்லியமான துளையைத் தரக்கூடிய முறை ஒன்று உண்டு. போரிங் பாரை இரு முனைகளுக்கு இடையே சுழலவிட்டு, சிலிண்டரைக் கேரேஜின் (லேத் படுகையில் நகரும் பகுதியின்) மேல் இறுகக் கட்டி, வேலைப்பொருளையே நகர்த்துவதுதான் அது. பாரில் செருகிய உளி எப்போதும் ஒரே ஆரத்தில் சுற்றுகிறது. ஆகவே லேத் நேர்கோட்டிலிருந்து சற்று விலகியிருந்தாலும் துளையின் ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் போக வழியில்லை. பார் எவ்வளவு பருமனாக முடியுமோ அவ்வளவு பருமனாக இருக்கட்டும், நீளம் சிலிண்டரைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் தேவைப்படும்.

கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது குறியிடுதல். வார்ப்பில் கோர் (துளை அமைவதற்காக அச்சுக்குள் வைக்கும் மணற்கட்டை) விட்டுச்சென்ற துளையில் மரக்கட்டையை அடைத்து, அதன் மேல் மையத்தைக் குறியுங்கள். ஆனால் அந்த மையத்தைக் கோர்த் துளையிலிருந்து எடுக்காதீர்கள். ஊற்றும்போது கோர் நகர்ந்திருக்கலாம். சட்டத்தில் பொருந்தும் முகம், வால்வு ஓடும் முகம், வெளிச்சுவர் ஆகிய மூன்றிலிருந்தும் அளந்து, எல்லாப் பக்கத்திலும் போதிய உலோகம் மிஞ்சும்படி மையத்தைப் பகிர்ந்து வையுங்கள். இதற்குச் செலவிடும் ஒரு மாலைப்பொழுது வீணாகாது. 20 மி.மீ.க்குக் குறைந்த துளைகளுக்குக் கோரே வைக்காமல் திண்மமாக வார்த்துத் துளையிடுவது மேல்.

முதல் வெட்டு, தோலுக்கு அடியில் இறங்கும் அளவுக்கு ஆழமாக இருக்கட்டும். கடைசி ஓட்டத்தைத் தானியங்கி ஊட்டத்தில் வைத்து, நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாமல் முடியுங்கள். நிறுத்திய இடத்தில் ஒரு வளையத் தடம் விழும். சில நூறில் ஒரு மி.மீ. விட்டம் கூடிக் குறைந்தால் மனம் தளர வேண்டாம், பிஸ்டனை அந்தந்தத் துளைக்கேற்பக் கடைந்துகொள்ளலாம். ஆனால் ஒரே துளையின் இரு முனைகளுக்கிடையே வேறுபாடு இருக்கக்கூடாது. 0.03 மி.மீ. சரிவு இருந்தால் வளையத்தின் வெட்டு இடைவெளி ஒவ்வொரு வீச்சிலும் 0.09 மி.மீ. அளவுக்குத் திறந்து மூடும், நீராவியும் அந்த வழியே போய்க்கொண்டிருக்கும்.

துளை முடிந்தபின் அதுவே மற்ற எல்லாவற்றுக்கும் ஆதாரம். துளைக்கு நெருக்கமாகப் பொருந்தும் மாண்ட்ரல் (தாங்குதண்டு) ஒன்றைக் கடைந்து, அதில் சிலிண்டரை ஏற்றி, பிஸ்டன் ராடு வெளிவரும் பின்முனையை முதலில் சமன் செய்து குறியிட்டு வையுங்கள். கிளாண்டு (பிஸ்டன் ராடைச் சுற்றி நீராவியைத் தடுக்கும் அடைப்பு) உள்ள மூடி அந்த முகத்தில்தான் வர வேண்டும். பின்பு அந்த முகம் கோணத்தகட்டில் படியும்படி, துளையின் வழியே ஒரு போல்ட்டால் இறுக்கி, வால்வு முகத்தையும் சட்டத்தில் பொருந்தும் முகத்தையும் சமன் செய்யுங்கள். மாண்ட்ரலின் இரு முனைகளிலிருந்தும் அந்த முகங்களுக்கு உள்ள தொலைவை டயல் இண்டிகேட்டரால் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லாமல் சட்டத்தில் மாட்டினால், பிஸ்டன் ராடு ஒவ்வொரு வீச்சிலும் கிளாண்டை ஒரு பக்கமாகத் தேய்க்கும்.

நீராவி வாய்களைச் சிறு மில்லிங் வெட்டுளியால் திறந்த பிறகு, சிலிண்டர் முனையிலிருந்து அவற்றுக்குச் சாய்வாகத் துளைபோடும் கட்டத்தில் நிதானம் தேவை. துளையின் கோடு கழிவு நீராவி வாய்க்குள் புகுந்துவிட்டால் அந்த வார்ப்பு வீணாகும். பக்கச்சுவரில் அந்தச் சாய்வுக் கோட்டை முழு அளவில் கீறி, சிலிண்டரை அந்தக் கோணத்துக்குச் சாய்த்து வைத்த பின்பே துளையிடுங்கள். கன்மெட்டலில் துளையிடும்போது துளை ஊசியின் வெட்டுவிளிம்பைச் சிறிதளவு தட்டையாகத் தீட்டிக்கொண்டால் அது உள்ளே இழுபட்டுச் சிக்காது.

கேள்வி: இடது, வலது கிராங்குகளுக்கு இடையே மிகச் சரியாக 90 டிகிரி அமையாவிட்டால் என்ஜின் ஓடாதா?

பதில்: ஓடும். 90 டிகிரிக்குப் பதில் 89 டிகிரி இருந்தாலும் ஓட்டத்தில் வேறுபாடு தெரியாது. ஆனால் ஓர் ஆக்சிலில் 89, அடுத்ததில் 90 என்றால் கப்ளிங் ராடு இறுகிக்கொள்ளும். எனவே எல்லா ஆக்சில்களையும் ஒரே சாதனத்தில் வைத்துப் பொருத்துங்கள். கிராங்க் முள்ளுக்கான துளையையும், ஆக்சில் துளையில் பொருந்தும் முளை கொண்ட ஒரே வழிகாட்டித் தகட்டால் போடுங்கள், ஏனெனில் முள்ளின் தொலைவு சக்கரத்துக்குச் சக்கரம் மாறினாலும் இதே இறுக்கம் வரும். சக்கரங்களை ஆக்சிலில் ஒட்டுத்திரவத்தால் பொருத்துவதானால் 0.03 முதல் 0.05 மி.மீ. வரை இடைவெளி விட்டு, உலோகங்களை எண்ணெய்ப் பசை துளியுமின்றித் துடைத்து, சக்கரங்களின் பின்முகங்களுக்கு இடையே 119 மி.மீ. இருக்கும்படி இடைக்கட்டை வைத்துப் பொருத்துங்கள்.

கேள்வி: சிறு அலங்கார உறுப்புகளை அச்சிட்ட பிளாஸ்டிக்கை எரித்து வார்க்கும் முறையில் எடுக்கலாமா?

பதில்: தாராளமாக எடுக்கலாம். விளக்குத் தாங்கி, கைப்பிடிக் குமிழ், ஊதல் தாங்கி போன்ற, மணலில் எடுக்கச் சிரமமான துண்டுகளுக்கு அதுவே நல்ல வழி. பிளாஸ்டிக் சாம்பல்கூட மிஞ்சாமல் எரிந்து வெளியேறும் வரை அச்சை உலையில் வைத்திருக்க வேண்டும். ஜிப்சம் கலந்த அச்சுக்கலவை பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் உரியது. இரும்பின் வெப்பத்தை அது தாங்காது.

கேள்வி: கொதிகலனில் குழாய் இணைப்புகளுக்கான புஷ்களை (மரையிட்ட வளையங்களை), மிஞ்சிய பித்தளையை உருக்கி நானே வார்த்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. வெந்நீரிலும் நீராவியிலும் பித்தளையின் துத்தநாகம் கரைந்து வெளியேறிவிடும். வெளித்தோற்றம் மாறாமல் நிற்கும் புஷ், உள்ளே பஞ்சு போன்ற செம்பாக மாறி, ஒருநாள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். வெண்கலம் அல்லது கன்மெட்டல் கம்பியிலிருந்து கடைந்த புஷ்ஷையே வெள்ளிப் பற்றவைப்பால் பொருத்த வேண்டும். கன்மெட்டலே ஆனாலும் வீட்டு வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கக்கூடும் என்பதால், நீராவி அழுத்தத்தைத் தாங்கும் கொதிகலன் உறுப்புகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். கட்டி முடித்த கொதிகலனை, நெருப்பு மூட்டுவதற்கு முன், குளிர்ந்த நீரால் காற்றே இல்லாமல் நிரப்பிக் கைப்பம்பால் வேலை அழுத்தத்தின் இரண்டு மடங்குக்கு ஏற்றிச் சோதியுங்கள். 6 பாரில் ஓட்டப்போகும் கொதிகலனுக்கு 12 பார். நீர் அழுத்தத்தில் சுருங்குவது மிகக் குறைவு என்பதால் அதில் தேங்கும் ஆற்றலும் சிறிது. இணைப்பு விட்டுப்போனாலும் நீர் கசிவதோடு நின்றுவிடும். அந்தச் சோதனையை இத்துறையில் அனுபவமுள்ள ஒருவர் உடன் இருந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.